ஜெயித்த பிறகும் அடிப்பது ஏன்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புள்ளி குவிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர், அங்கே வேலைக்குப் போன நண்பர்கள், சனிக்கிழமை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: ஜெயித்தாகிவிட்டது, அப்புறமும் ஏன் அடிக்கிறார்கள்? பதினைந்து வருடமாக இந்த ஆட்டத்தை விடாமல் பார்க்கிறேன். எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு, அதை மறைக்காமலே பதில் எழுதியிருக்கிறேன். இங்கே ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான் குறிக்கிறேன்.

‘ஸ்கோரை ஏற்றுவது’ என்று எதைக் குற்றமாகச் சொல்கிறார்கள்? நிறையப் புள்ளி எடுப்பதே தப்பா?

தப்பே இல்லை. பலமான அணி பலவீனமான அணியோடு மோதினால் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும். செத்த பாம்பை அடிப்பது என்று சொல்வோமே, குற்றம் அங்கே ஆரம்பிக்கிறது. எதிரணி இனி எழ வழியில்லை என்று மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகும், முதல்தர ஆட்டக்காரர்களையே நிறுத்தி வைத்து, நீளமாகப் பந்து வீசச் சொல்லி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போவது. அதைத்தான் அமெரிக்கர்களும் முகம் சுளித்துச் சொல்கிறார்கள்.

அதனால் ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 70-0 என்பது கௌரவமான வெற்றியாக இருக்கலாம், 45-14 அசிங்கமானதாக இருக்கலாம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் களத்தில் யார் நின்றார்கள், அவர்களை என்ன ஆடச் சொன்னார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த இரண்டையும் முடிவு செய்பவர் பயிற்சியாளர். பையன்கள் இல்லை.

எவ்வளவு முன்னிலை வந்தால் ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்?

முதலில் கணக்கு. பந்தோடு எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, உதைக்காமல் மறுபடி எல்லைக்குள் கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்து உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. ஆக, ஒருமுறை பந்து கையில் கிடைத்தால் அதிகபட்சம் 8 புள்ளி. ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி. நான்காவது பகுதி தொடங்கும்போது 28 புள்ளி பின்தங்கியிருக்கும் அணி நான்கு தடவை எல்லையைத் தொட வேண்டும், அதற்குள் எதிரணி ஒன்றுகூட எடுக்கக் கூடாது. நடப்பது அபூர்வம்.

அபூர்வம்தான், ஆனால் நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2006 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்டர்ன் மூன்றாவது பகுதியில் 38-3 என்று முன்னால் இருந்தது. மிச்சிகன் ஸ்டேட் அங்கிருந்து எழுந்து 41-38 என்று ஜெயித்துவிட்டது. 35 புள்ளியை விரட்டிப் பிடித்த ஆட்டம். எந்தப் பயிற்சியாளரிடம் கேட்டாலும் இப்படி ஒன்றைச் சொல்லித் தன் பயத்தை நியாயப்படுத்துவார். மூன்றாவது பகுதியில் அந்தப் பயம் நியாயம்தான். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது, 40 புள்ளி முன்னிலையில் இருந்துகொண்டு அதையே சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

222-0 என்று ஒரு ஆட்டம் நடந்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. ஜார்ஜியா டெக் 222, கம்பர்லேண்ட் 0. நம் பிள்ளைகள் எம்.எஸ். படிக்கப் போகும் அதே ஜார்ஜியா டெக்தான்.

டென்னஸியின் லெபனான் என்ற ஊரில் இருந்த சின்னக் கல்லூரி கம்பர்லேண்ட். அந்த ஆண்டு ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டார்கள். ஆனால் ஜார்ஜியா டெக்கோடு போட்டிருந்த ஒப்பந்தம் மட்டும் உயிரோடு இருந்தது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம். அன்றைக்கு அது ஒரு கல்லூரியின் கழுத்தை நெரிக்கும் தொகை. வந்தால் 500 டாலரும் பயணச் செலவும் கிடைக்கும். ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர் கையில் கிடைத்தவர்களை, பெரும்பாலும் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்களை, ஒன்று சேர்த்து ரயிலேற்றினார்.

எதிர்ப்பக்கம் பயிற்சியாளராக நின்றவர் ஜான் ஹைஸ்மன். அவர் கல்லூரியின் பேஸ்பால் அணிக்கும் பயிற்சியாளர். அதே ஆண்டு பேஸ்பாலில் கம்பர்லேண்ட் அவர் அணியை 22-0 என்று தோற்கடித்திருந்தது. சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களை மாணவர்கள் மாதிரி இறக்கிவிட்டார்கள் என்று அவருக்குக் கடுமையான கோபம். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் ஒப்பந்தத்தை விடாமல் பிடித்து நின்றார் என்று சொல்வார்கள். இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அந்தக் காலப் பத்திரிகையாளர்கள் ஓர் அணி மொத்தம் எத்தனை புள்ளி எடுத்தது என்பதை வைத்தே தரவரிசை போட்டார்கள். அது எவ்வளவு அர்த்தமில்லாத அளவுகோல் என்று காட்ட அவர் நினைத்தாராம்.

முதல் பகுதியில் 63. இரண்டாவதில் இன்னொரு 63. இடைவேளையில் 126-0. இரண்டாம் பாதியின் நேரத்தைக் குறைத்தார்கள், அப்படியும் 96 சேர்ந்தது. மொத்தம் 32 டச்டவுன். ஒரு அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் அதற்கு ‘ஃபர்ஸ்ட் டவுன்’ என்று பெயர், மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். அந்த ஆட்டத்தில் இரண்டு அணியுமே ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்கவில்லை. கம்பர்லேண்டால் பத்து கஜம் போக முடியவில்லை. ஜார்ஜியா டெக்குக்கு அது தேவைப்படவே இல்லை, பந்து கிடைத்ததும் நேராக எல்லைக்கே போய்விட்டார்கள்.

இதை வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. பேஸ்பாலில் ஏமாற்றியவர்கள் யாரோ, அடி வாங்கியவர்கள் யாரோ. கல்லூரிக்கு அபராதம் விழக் கூடாது என்று போன மாணவர்கள் அவர்கள். இன்று ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருது ஹைஸ்மன் பெயரில்தான் இருக்கிறது. ஃபுட்பாலுக்குப் பல நவீன விஷயங்களைக் கொண்டுவந்தவர் அவர், விருது பொருத்தமானதுதான். ஆனாலும் அந்த சனிக்கிழமையை அவர் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

பயிற்சியாளர்கள் படித்தவர்கள், பெரிய சம்பளக்காரர்கள். அப்புறமும் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

பாதிக் காரணம் ஓட்டு. பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் இந்த ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

கிரிக்கெட்டில் உலகக் கோப்பை என்றால் யார் யாரை ஜெயித்தார்கள் என்பது கணக்கு. கல்லூரி ஃபுட்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம் போல. எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. அதனால் பல பத்தாண்டுகள் நாட்டின் சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஓட்டுப் போடுகிறவர் ஐம்பது ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். ஞாயிறு காலையில் ஸ்கோரைப் பார்ப்பார். 24-10 கண்ணில் நிற்காது, 63-10 நிற்கும்.

1994-ல் பென் ஸ்டேட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். நவம்பர் 5 அன்று இண்டியானாவோடு ஆட்டம். 35-14 என்று முன்னால் இருந்தபோது மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். கடைசி நேரத்தில் இண்டியானா இரண்டு டச்டவுன் எடுத்து 35-29 என்று ஆக்கிவிட்டது. வெற்றிக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. ஆனால் மறுநாள் ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தடுமாறி ஜெயித்த ஆட்டம் மாதிரி தெரிந்தது, ஓட்டு நழுவியது. பென் ஸ்டேட் அந்த ஆண்டு 12 ஆட்டம் ஆடி 12-லும் ஜெயித்தது. சாம்பியன் பட்டம் நெப்ராஸ்காவுக்குப் போனது. நெப்ராஸ்காவும் தோற்காத அணிதான், தகுதியில்லாமல் வாங்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார், அது நல்ல பாடம் இல்லை.

1998-ல் பி.சி.எஸ். என்ற முறை வந்தது. ஓட்டோடு கம்ப்யூட்டர் தரவரிசைகளையும் கலந்து முதல் இரண்டு அணிகளைப் பொறுக்குவார்கள். சில கம்ப்யூட்டர் கணக்குகளில் வெற்றி வித்தியாசமும் ஓர் அம்சம். அதாவது ஸ்கோரை ஏற்றினால் இயந்திரம் மார்க் போடும். 2001-ல் கொலராடோவிடம் 62-36 என்று அடி வாங்கிய நெப்ராஸ்கா, அந்தக் கணக்கின்படி இறுதி ஆட்டத்துக்கே வந்து மயாமியிடம் 37-14 என்று தோற்றது. கூச்சல் கிளம்பியது. 2002 பருவத்துக்கு முன்னால் வெற்றி வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் செய்த உருப்படியான காரியம் இது என்பேன்.

ஆனால் மனிதக் கண்ணிலிருந்து அதை எடுக்க முடியுமா? 2008-ல் ஓக்லஹோமா, டெக்சஸ், டெக்சஸ் டெக் மூன்றும் ஒரே நிலையில் நின்றன. ஓக்லஹோமாவை டெக்சஸ் 45-35 என்று நேரடியாகவே ஜெயித்திருந்தது. ஆனாலும் ஓக்லஹோமா தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் 60-க்கு மேல் எடுத்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. 2014-ல், பட்டத்துக்கு மோத நான்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழு வந்த முதல் ஆண்டே, ஒஹையோ ஸ்டேட் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கி நான்காவது இடத்தைப் பிடித்தது. அதே நாளில் 55-3 என்று ஜெயித்த டி.சி.யூ. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) மூன்றாவது இடத்திலிருந்து ஆறுக்கு இறங்கியது. நம் ஆட்கள் நெட் ரன் ரேட் கணக்குப் போட்டுக்கொண்டு கடைசி ஓவர்வரை அடிக்கச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த நெருக்கடிதான். ஒரே வித்தியாசம், ரன் ரேட்டுக்குச் சூத்திரம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். இங்கே யார் மனசில் எவ்வளவு பதியும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் எவ்வளவு அடித்தாலும் போதவில்லை என்றே தோன்றும்.

உங்கள் பார்வையில் மிக மோசமான ஆட்டம் எது?

222-0 என்று எதிர்பார்ப்பீர்கள். நான் சொல்வது 1989 அக்டோபர் 21: ஹூஸ்டன் 95, எஸ்.எம்.யூ. 21.

டல்லாஸில் இருக்கும் எஸ்.எம்.யூ. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) தன் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துப் பிடிபட்டது. 1987 பருவம் முழுவதும் ஆடக் கூடாது என்று தண்டனை. அடுத்த ஆண்டும் ஆட முடியாமல் போனது. தப்புச் செய்த தலைமுறை வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டது. 1989-ல் களம் இறங்கியவர்கள் பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். அவர்களை வைத்து அணியை மறுபடி கட்ட வந்தவர், அதே கல்லூரியில் படித்து ஆடிய ஃபாரஸ்ட் கிரெக்.

அந்தப் பையன்களுக்கு எதிரே ஹூஸ்டனின் ஆண்ட்ரே வேர், பந்து வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். முதல் பாதியில் மட்டும் அவர் வீசிய பந்துகளால் அணி 517 கஜம் முன்னேறியது, ஆறு டச்டவுன். அவரை வெளியே எடுத்த பிறகு வந்த மாற்று ஆட்டக்காரரும் வீசிக்கொண்டே இருந்தார். மொத்தம் 1,021 கஜம். ஆயிரத்தைத் தாண்டிய முதல் அணி ஹூஸ்டன்தான்.

ஹூஸ்டன் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த அணியும் வேறொரு தண்டனையில் இருந்தது, அந்த ஆண்டு டிவியில் காட்டவே கூடாது. வேர் எப்படி ஆடுகிறார் என்று ஓட்டுப் போடுகிறவர்கள் பார்க்க வழியே கிடையாது. பத்திரிகையில் வரும் எண்கள்தான் அவருக்காகப் பேச வேண்டும். எண்கள் பேசின. அந்த ஆண்டு ஹைஸ்மன் விருது அவருக்கே கிடைத்தது, அதை வாங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். அவர் திறமையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, விருதும் நியாயமானது. ஆனால் எதிரே நின்றவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் செய்யாத தப்புக்குக் கல்லூரி ஏற்கெனவே தண்டனை அனுபவித்து முடித்திருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய ஆட்டம் அது.

பழிவாங்கும் எண்ணமும் இதில் உண்டா?

நிறைய. ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் பரம எதிரிகள். 1968-ல் ஒஹையோ ஸ்டேட் 50-14 என்று முன்னால் இருந்தபோது, பயிற்சியாளர் உடி ஹேஸின் அணி உதைத்து 1 புள்ளி எடுக்காமல் 2 புள்ளிக்கு முயன்றது. கிடைக்கவில்லை. ஏன் 2-க்குப் போனீர்கள் என்று கேட்டதற்கு, 3-க்குப் போக வழியில்லையே என்று அவர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, மிச்சிகன்காரர்கள் அதை நம்பினார்கள். அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் 50 என்ற எண்ணைப் பையன்கள் கண்ணில் படும் இடத்தில் எல்லாம் வைத்தார். 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த ஒஹையோ ஸ்டேட்டை 1969-ல் மிச்சிகன் 24-12 என்று கவிழ்த்தது.

ஃபுளோரிடா, ஜார்ஜியா கதை இன்னும் நீளம். 1966-ல் ஃபுளோரிடாவின் குவார்ட்டர்பேக்காக இருந்து ஜார்ஜியாவிடம் தோற்றவர் ஸ்டீவ் ஸ்பரியர். பின்னாளில் அதே ஃபுளோரிடாவுக்குப் பயிற்சியாளராகி, 1995-ல் ஜார்ஜியாவின் சொந்த மைதானத்தில் கடைசி நிமிடங்களிலும் பந்து வீசச் சொல்லி 52-17 என்று முடித்தார். அந்த மைதானத்தில் ஜார்ஜியாவுக்கு எதிராக யாரும் ஐம்பது எடுத்ததில்லை, அதனால் எடுக்க நினைத்ததாக வெளிப்படையாகவே சொன்னார். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கடைசி டச்டவுனை வீசியவர் மாற்று குவார்ட்டர்பேக். மாற்று ஆட்களை இறக்கிவிட்டோமே என்பது மட்டும் போதாது, அவர்களை என்ன ஆடச் சொன்னீர்கள் என்பதும் கேள்வி. 2007-ல் ஜார்ஜியா முதல் டச்டவுன் எடுத்ததும் மொத்த அணியும் களத்துக்குள் ஓடி வந்து குதித்துக் கொண்டாடியது. 2008-ல் ஃபுளோரிடா 49-10 என்று முன்னால் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் அர்பன் மேயர் டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார், ஜார்ஜியா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்று. புள்ளி ஏற்றாமலே ஏற்றியது போலத்தான்.

1985-ல் மயாமி நோட்டர் டேமை 58-7 என்று அடித்ததையும் சொல்ல வேண்டும். நோட்டர் டேமின் ஜெரி ஃபாஸ்டுக்கு அது பயிற்சியாளராகக் கடைசி ஆட்டம், அந்த வாரம்தான் விலகுவதாக அறிவித்திருந்தார். டிவி வர்ணனையில் இருந்த நோட்டர் டேமின் பழைய பயிற்சியாளர் ஆரா பர்சீகியன் நேரலையிலேயே மயாமியைக் கடிந்துகொண்டார்.

விதிமுறையில் இதற்குத் தடை ஏதும் இல்லையா?

கல்லூரி அளவில் இல்லை. இத்தனை புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது என்று எந்த விதியும் கிடையாது. இரண்டு பயிற்சியாளர்களும் நடுவரும் ஒத்துக்கொண்டால் மிச்சமுள்ள பகுதிகளின் நேரத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். தோற்கும் பயிற்சியாளர் தானாகப் போய்க் கேட்க வெட்கப்படுவார். ஜெயிக்கிறவர்தான் முதலில் பேச வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிகளில் நிலைமை தேவலை. பல மாநிலங்களில் வித்தியாசம் 35 போல ஆனதும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விட்டுவிடுவார்கள். கனெக்டிகட் மாநிலம் 2006-ல் இன்னும் கடுமையாகப் போனது: 50-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால் பயிற்சியாளருக்கு அடுத்த ஆட்டம் தடை. பிறகு அதைக் கைவிட்டு ஓடும் கடிகாரத்துக்கு மாறினார்கள். மாறியது சரிதான். எண்ணை வைத்துத் தண்டித்தால், 48-ல் நிற்கும் அணி எல்லைக்கு ஒரு கஜம் முன்னால் வேண்டுமென்றே கீழே விழும். அது எதிரணிக்கு இன்னும் பெரிய அவமானம்.

அப்படியானால் நல்ல பயிற்சியாளர் என்னதான் செய்வார்?

2003 நவம்பர் 8. ஓக்லஹோமா மூன்று பகுதி முடிவில் டெக்சஸ் ஏ அண்டு எம்-ஐ 77-0 என்று அடித்திருந்தது. முடிந்த ஸ்கோரும் 77-0 தான். கடைசிப் பதினைந்து நிமிடம் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. பந்து வீசுவதை விட்டுவிட்டு நடு வழியாக ஓடினார்கள், கடிகாரத்தை ஓடவிட்டார்கள். எடுக்க நினைத்திருந்தால் நூறைத் தாண்டியிருக்கலாம். 77 வரை ஏன் போனார்கள் என்று கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசித்த கை அங்கே இருந்தது.

பந்தைக் கையிலேயே கொடுத்து ஓடினால் கடிகாரம் நிற்காது. வீசிய பந்து தரையில் விழுந்தால் நிற்கும். அதனால் ஓடுவது என்பது எதிரணியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. ஒவ்வொரு முறையும் அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி இருக்கும், அதில் 35 விநாடியைக் கழித்துவிட்டுத் தொடங்கலாம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். மரியாதையாக முடிக்க அதுதான் வழி.

மாற்று ஆட்டக்காரர்களும் புள்ளி எடுத்துவிட்டால்? அவர்களை எடுக்காதே என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

ஒரு பெரிய கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் பலர் உதவித்தொகை எதுவும் இல்லாமல், ஆசையால் சேர்ந்தவர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாரம் முழுக்க முதல்தர அணிக்கு அடி வாங்கும் பொம்மை மாதிரி பயிற்சியில் நின்று, சனிக்கிழமை சீருடை போட்டு ஓரத்தில் நிற்பார்கள். நான்கு வருடத்தில் அவர்களுக்குக் கிடைப்பது இப்படி முடிந்துபோன ஆட்டங்களின் கடைசிப் பத்து நிமிடம்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழக மைதானத்தில் செப்டம்பர் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். 52-3. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. இரும்பு பெஞ்சு சுட்டது. எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு குடும்பம், அதுவரை அதிகம் பேசாமல் இருந்தவர்கள், திடீரென்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மா கையில் தொலைநோக்கி, அப்பா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர்கள் பையன் களத்துக்குள் போகிறான். ஜெர்சி சுத்தமாக இருந்தது, ஒரு புல் கறைகூட இல்லை. மூன்று தடவை பந்தை வாங்கி ஓடினான். மூன்றாவது தடவை இடது பக்கம் வழி திறந்தது, பதினெட்டு கஜம் ஓடி எல்லைக்குள் போய்விட்டான். போனவன் குதித்துக் கொண்டாடவில்லை, பந்தைத் தூக்கி எறியவில்லை. நடுவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். அந்த அம்மா உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

59-3. அந்தக் கடைசி 7 புள்ளியை ‘ஏற்றியது’ என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நடு வழியாக ஓடச் சொன்னார்கள், ஓடினான், வழி திறந்தது. அவனைப் பாதியில் விழச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. எதிரணிப் பையன்களையும் அது கேவலப்படுத்தும், ‘உங்களுக்காக விழுந்தேன்’ என்பதைவிட மோசமான பேச்சு ஆட்டத்தில் இல்லை.

முழங்காலிட்டு ஆட்டத்தை முடிக்கிறார்களே, அது எதற்கு?

குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவார். அந்த முயற்சி அத்தோடு முடிந்தது, கடிகாரம் மட்டும் ஓடும். 1978-ல் தொழில்முறை ஆட்டம் ஒன்றில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என்று முன்னால் இருந்து, கடைசி அரை நிமிடத்தில் முழங்காலிடாமல் பந்தைக் கைமாற்றப் போய்த் தவறவிட்டது. ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை எடுத்து ஓடி ஜெயித்துக் கொடுத்தார். அதன் பிறகு முழங்காலிடுவது எல்லா அணிக்கும் வழக்கமாகிவிட்டது. பாதுகாப்புக்காக வந்த பழக்கம், இன்று மரியாதையாகவும் ஆகியிருக்கிறது.

“பிடிக்கவில்லையென்றால் தடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்கிறார்களே?

தொழில்முறை அணிகளுக்கு அந்த வாதம் பொருந்தும். இரு பக்கமும் சம்பளம் வாங்குகிறவர்கள், ஆள் எடுக்கும் விதியும் ஒன்றே. கல்லூரியில் ஒரு பக்கம் கோடிக்கணக்கான டாலர் வருமானம் உள்ள அணி, மறுபக்கம் பயிற்சிக் கூடத்தின் கூரையைச் சரிசெய்யப் பணம் தேடும் அணி. முதல்தர ஆட்களை எதிர்த்து மூன்றாம்தர ஆட்கள் நாலாவது பகுதியிலும் நின்றால் காயமும் படும், நூற்று முப்பது கிலோ உடம்புகள் மோதும் ஆட்டம் இது. தடுக்க முடிந்தால் தடுத்திருக்க மாட்டார்களா?

தோற்பது உறுதி என்று தெரிந்தும் சின்னக் கல்லூரிகள் ஏன் போகின்றன?

பணம். 2012-ல் ஜார்ஜியாவில் உள்ள சவானா ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய பழைய கல்லூரி, முதல் இரண்டு வாரத்தில் இரண்டு பெரிய அணிகளிடம் போனது. ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0. ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. இரண்டுக்கும் சேர்த்து 8,60,000 டாலர் கிடைத்தது. அந்தக் கல்லூரியின் மற்ற விளையாட்டுகள் எல்லாம் அதில்தான் ஓட வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட ஒப்புக்கொண்டார்கள், பிறகு மின்னல் வந்து ஆட்டமே நின்றது. 2019-ல் சவானா ஸ்டேட் தனக்கு ஏற்ற கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

இப்படிப்பட்ட ஆட்டங்களையே ஒழிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2007 செப்டம்பர் 1 அன்று நாலு லட்சம் டாலருக்கு மிச்சிகன் அழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால், நாட்டின் ஐந்தாம் இடத்தில் இருந்த அந்த அணியை 34-32 என்று ஜெயித்தது. கடைசி விநாடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலைக் கையால் தடுத்தார்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.

பந்தயக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, கூடிக்கொண்டும் போகிறது. பந்தயம் பெரும்பாலும் யார் ஜெயிப்பார் என்பதில் இல்லை, எத்தனை புள்ளியில் ஜெயிப்பார் என்பதில். சவானா ஸ்டேட்டை ஃபுளோரிடா ஸ்டேட் 70 புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு மாநிலம் மாநிலமாக இது சட்டப்படி நடக்கிறது. அதனால் 31 புள்ளி முன்னிலையில் முழங்காலிடும் பயிற்சியாளர்மேல், 33-க்குப் பணம் கட்டியவன் கோபப்படுகிறான். அந்தக் கோபத்துக்கு ஒரு பயிற்சியாளரும் செவி கொடுக்கக் கூடாது.

நானே ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நாலாவது பகுதி தொடங்கியதும் ஸ்கோரை விட்டுவிடுங்கள். ஜெயிக்கும் அணியின் ஓரத்தைப் பாருங்கள். நட்சத்திர ஆட்டக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி, தொப்பி போட்டு, தோள் கவசத்தை எடுத்துவிட்டாரா? அப்படியென்றால் இனி அவரை இறக்க மாட்டார்கள். தலையில் ஹெல்மெட் இன்னும் இருந்தால் சந்தேகப்படலாம். களத்தில் நீங்கள் கேள்விப்படாத பெயர்கள், அதிகம் பார்க்காத எண்கள் வருகின்றனவா? எத்தனை தடவை வீசுகிறார்கள், எத்தனை தடவை ஓடுகிறார்கள்?

அப்புறம் சேனலை உடனே மாற்றாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பயிற்சியாளர்களும் நடுக் களத்துக்கு நடந்து வந்து கை குலுக்குவார்கள். சில நாள் கை தொட்டும் தொடாமலும் விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சில நாள் ஜெயித்தவர், தோற்றவர் தலையை அருகே இழுத்துக் காதில் ஏதோ சொல்வார், தோற்றவர் தலையாட்டுவார், கை இன்னும் விட்டிருக்காது.